குண்டூசியின் தடம்

அண்ணி பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. இது எழுதாத சட்டம். அதை நாளைக்கு நாலு தடவை மீறுகிறவள் அவருடைய நாத்தனார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறாள். வாயைத் திறந்தால் நிற்காது என்பதால் ஊரே அவளுக்கு பிரேக் என்று பெயர் வைத்துவிட்டது. அண்ணியோ முப்பது வருடம் நீதிமன்ற ஆய்வகத்தில் சந்தேகத்துக்குரிய உயில்களையும் கையெழுத்துகளையும் பார்த்து ஓய்வுபெற்றவர். கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொல்லும் ரகம். இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று தெருவே வியந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்ததும் பிரேக்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். அழுது முடித்த முகம். வந்தவர் வணக்கம் சொல்வதற்குள் பிரேக்கின் மூக்கை உற்றுப் பார்த்தார்.

"உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. இதோட வண்டி ஓட்டினா தலைவலி வருமே."

"வருதுங்க. மாணவர்களால வருதுன்னு நினைச்சேன்."

கூடத்தில் உட்கார்ந்ததும் வந்தவர் கைப்பையிலிருந்து ஒரு சிறிய திருப்புளியையும் விரல் நீள அளவுகோல் ஒன்றையும் எடுத்தார். பிரேக்கின் கண்களுக்கு நடுவே அளவுகோலை வைத்துப் பார்த்து, இரண்டு திருகு திருகி, கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டார். "நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது, மன்னிச்சுக்குங்க," என்றார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய சித்தி மூன்று வருடத்துக்கு முன்னால் காலமானார். பெரிய தத்துவப் பேராசிரியை. 'பொறுப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை' என்று அவர் நிகழ்த்திய உரையை இன்னும் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவும் அக்கா கணவரும் ஒரே விபத்தில் போனபோது, அவர்களுடைய ஆறு வயது மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்தார். அந்த மகள்தான் கண்ணாடிக்கடைக்காரர்.

"சித்தியோட தாள் எல்லாத்தையும் அவங்க வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்கே கொடுத்தேன். நாப்பது பெட்டி. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டா எல்லாரும் பார்க்கலாம்னு திறந்துவிடுவாங்க. போன வாரம் சும்மா பார்க்கப் போனேன். போகாம இருந்திருக்கலாம்."

அவர் ஒரு நகலை மேஜைமேல் வைத்தார். மேலே தேதி, அக்கா இறந்து ஒன்பதாம் நாள். கீழே சின்னச் சின்ன எழுத்தில் ஏழு காரணங்கள். பிரேக் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

'இந்தக் குழந்தையை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்று, தனிமை இல்லாமல் என்னால் யோசிக்க முடியாது. இரண்டு, இவளுடைய பெரியப்பா வீட்டில் கூட விளையாட இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே புத்தகம்தான் இருக்கிறது...' இப்படியே இறங்கி, தாளின் அடியில், 'ஏழு, அக்கா போன துக்கத்துக்கு இவளை மருந்தாக்கப் பார்க்கிறேன். இவளை வைத்துக்கொண்டால் அது என் வாழ்க்கையின் பெரிய பிழையாக இருக்கும்' என்று முடிந்தது.

பிரேக் நகலை மெல்ல அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"அவங்க என்னை ஒரு நாளும் திட்டினதில்ல. அடிச்சதில்ல," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "சண்டை போடக்கூட முடியாது. நான் கல்லூரிக்குப் போக மாட்டேன், கண்ணாடி வேலை கத்துக்கப் போறேன்னு குதிச்சப்போ, 'இரு, உன் பக்கத்தை முதல்ல நான் சொல்றேன், சரியான்னு பாரு'ன்னு உட்கார வெச்சாங்க. நான் நினைச்சதைவிட நல்லா எனக்காகப் பேசினாங்க. கடைசில அவங்களே, 'நீ ஜெயிச்சுட்டே'ன்னு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாங்க. அப்படிப்பட்டவங்க மனசுக்குள்ள இதை வெச்சுக்கிட்டா என்னை வளர்த்தாங்க?"

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று அண்ணி கேட்டார்.

"இது அவங்க எழுதினதான்னு தெரியணும். இல்லைன்னா யார் எழுதினாங்கன்னு தெரியணும். அவங்களேதான்னா, வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாப்பது பெட்டியையும் வாங்கிட்டு வந்து கூழாக்குற ஆலைக்கு அனுப்பிடுவேன். சித்திக்கு நான் பிழையா இருந்தேன்னு ஊரே படிக்க வேண்டாம்."

கதவு வரை போனவரை அண்ணி நிறுத்தினார். "உங்க சித்தி வீட்டை நீங்கதானே காலி பண்ணீங்க? தாள் எல்லாம் எப்படி இருந்துச்சு?"

"அலமாரி முழுக்கப் பிதுங்கிட்டு இருந்துச்சு மேடம். கத்தை கத்தையா, துருப்பிடிச்ச குண்டூசி குத்தி. கீழ்த்தட்டு மட்டும் துடைச்சுவிட்ட மாதிரி காலி. வயசான காலத்துல குனிய முடியலை போல."

அவர் தலை மறைந்ததும் பிரேக் ஆரம்பித்துவிட்டாள். "போலிக் கையெழுத்து அண்ணி. சந்தேகமே வேண்டாம். யாரோ பொறாமைக்காரன் வேலை."

"வண்டியே இன்னும் கிளம்பலை, அதுக்குள்ள ஊர் வந்துடுச்சா?" என்றார் அண்ணி.

மறுநாள் பயிற்சிக் காரிலேயே கல்லூரிக்குப் போனார்கள். ஆவணப் பிரிவு நூலகத்தின் பின்கட்டில் இருந்தது. நீள அறை, ஒரே அளவுச் சாம்பல் நிறப் பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. காப்பாளர் ஒல்லியான, சுத்தமான மனிதர். அண்ணியின் பழைய பதவியைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தான் செய்த வேலையை எல்லாம் காட்டினார்.

"வந்தப்போ பார்த்திருக்கணும் மேடம். அத்தனையும் துரு. விட்டா தாளைத் தின்னுடும். ஒரே வாரத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டோம்." ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. பாதிக்குமேல் பழுப்பேறிய குண்டூசிகள். ஊறுகாய் போட்டு வைத்த மாதிரி இருக்கிறதே என்று பிரேக் நினைத்தாள்.

"அப்புறம் எப்படிப் பிரிச்சீங்க?"

"தேதி போட்டதைத் தேதிப்படி அடுக்கினோம். தேதி இல்லாதது தனி. அந்த அம்மாவுக்குப் பக்க எண் போடுற பழக்கமே கிடையாது. அதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு." அவர் பட்டியலை நீட்டினார். பிரேக் தன் குறிப்பேட்டில் இரண்டு வரியை எழுதிக்கொண்டாள். 'பெட்டி ஒன்பது: தேதியிட்ட ஒற்றைத் தாள்கள், 214. பெட்டி பதினேழு: தொடக்கம் இல்லாத தாள்கள், 231.' எழுதியது எதற்கென்று அவளுக்கே தெரியாது. துப்பறிகிறவர்கள் எதையாவது எழுதவேண்டும் என்பது அவள் எண்ணம்.

அறையின் மூலையில் பெட்டி ஒன்பதை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேராசிரியையின் பழைய மாணவர். நூலகத்தின் தனி அனுமதியோடு, இரண்டு வருடமாக அவருடைய வாழ்க்கைச் சரிதையை எழுதுகிறார். அங்கே எல்லாருக்கும் அவர் சரிதைக்காரர்தான்.

"அந்தத் தாளைப் பத்தியா? அது ஒண்ணு மட்டுமில்லைங்க," என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "இதுல இருக்குற இருநூத்திப் பதினாலும் அப்படித்தான். புத்தகத்துல என்ன சொன்னாங்களோ அதுக்கு நேர் எதிரா எழுதியிருக்காங்க. சுதந்திரம் பெரிசுன்னு புத்தகம். சுதந்திரம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு தாள். வெளியில ஒரு முகம், உள்ளுக்குள்ள ஒரு முகம். என் புத்தகத்தோட உயிரே இந்தப் பெட்டிதான்."

"வகுப்புல எப்படிப் பேசுவாங்க?"

"வகுப்புல தயாரா வந்து முடிவை மட்டும்தான் சொல்லுவாங்க. வீட்டுக்கு யாரையும் விட மாட்டாங்க."

பிரேக் அண்ணியின் முதுகில் இடித்தாள். இவன்தான், புத்தகம் விற்கவேண்டும் என்று எழுதிச் சொருகியிருக்கிறான் என்பது அந்த இடியின் பொருள். அண்ணி கண்டுகொள்ளாமல் ஏழு காரணத் தாளின் மூலத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிப்போட்டார். பின்பக்கத்தை இன்னும் அதிக நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணி, பின்னாடி ஒண்ணுமே இல்லையே?"

"ஆமா. ஒண்ணுமே இல்ல," என்றார் அண்ணி, மிகுந்த திருப்தியோடு.

மாலையில் கண்ணாடிக்கடைக்கு பிரேக்கே தொலைபேசியில் பேசவேண்டியிருந்தது. எழுத்து சித்தியுடையதுதான், மையும் தாளும் அந்தக் காலத்தவைதான் என்று அவள் சொன்னபோது, மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்போ சரி," என்றார் அவர் கடைசியில். "வெள்ளிக்கிழமை பெட்டியை எடுத்துட்டுப் போக வண்டி சொல்லிடுறேன்." பிரேக்குக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கோபத்தை அண்ணியிடம் காட்டினாள்.

"அவங்க அழுறாங்க. நீங்க திருப்தியா உட்கார்ந்திருக்கீங்க."

"வண்டி சொல்லட்டும். அளவுகோலை மட்டும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் முன்னால் அனுமதிப் படிவம் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. சரிதைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாளர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"யாரும் போலி பண்ணலை. யாரும் திருடலை," என்று அண்ணி தொடங்கினார். "நாத்தனார் மன்னிக்கணும்." பிரேக் ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்தத் தாளோட மூலையைப் பாருங்க. ரெண்டு துளை. ஒரு துளைக்குப் பக்கத்துல வட்டமாத் துருக்கறை. குண்டூசித் தலை உட்கார்ந்த இடம். இன்னொரு துளைக்குப் பக்கத்துல சின்னக் கோடு. முனை வெளியே வந்த இடம். குண்டூசி முன்னாடி குத்தி, பின்னாடி போய், திரும்ப முன்னாடி வரும். அப்போ அதோட நடுப்பாகம் எங்கே படும்?"

"பின்பக்கத்துல," என்றார் காப்பாளர்.

அண்ணி தாளைத் திருப்பினார். துளைகளுக்கு நடுவே கறையே இல்லை. "நாப்பது வருஷத்துக்கு மேல துரு ஏறின குண்டூசி. நடுப்பாகம் இந்தத் தாள்மேல படவே இல்லை. வேற ஏதோ தாள்மேல பட்டிருக்கு. சரி, அந்தத் துரு எல்லாம் வேண்டாம், குழந்தைகூடச் சொல்லும். ஒத்தைத் தாளுக்கு யாராவது குண்டூசி குத்துவாங்களா?"

காப்பாளரின் கை பாதிக் கையுறையில் நின்றது.

"நேத்து நான் மறுபடி வந்து பெட்டி ஒன்பதுல முப்பது தாளைப் பார்த்தேன். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். முப்பதும் இதே மாதிரிதான். எல்லாமே முதல் தாள். எல்லாத்துக்கும் பின்னாடி ஒண்ணு இருந்திருக்கு. அந்த அம்மா முதல் தாள்ல மட்டும் தேதி போடுவாங்க. பக்க எண் கிடையாது. நீங்க குண்டூசியைப் பிடுங்கிட்டுத் தேதி இருக்கறதை ஒரு பக்கமும் இல்லாததை ஒரு பக்கமும் வெச்சீங்க. பிரேக், உன் நோட்டைப் படி."

பிரேக்குக்குத் தன் நோட்டுக்கு வேலை வந்ததே பெருமை. படித்தாள். "பெட்டி பதினேழு. தொடக்கம் இல்லாத தாள்கள். இருநூத்தி முப்பத்தொண்ணு." படித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "அண்ணி, தொடக்கம் எல்லாம் ஒன்பதாம் பெட்டியில இருக்கு."

"சிலதுக்குப் பின்னாடி ரெண்டு தாள் இருந்திருக்கும். அதான் பதினேழு தாள் கூடுதலா இருக்கு."

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னாங்க," என்றார் காப்பாளர் மெல்ல. "வந்த வரிசையைக் கலைக்காதேன்னு. துருவைப் பார்த்த பயத்துல அதை மறந்துட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் சரிதைக்காரர். அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. "தன் புத்தகத்துக்கே எதிரா இருநூறு தாள் எழுதினது பொய்யாகிடுமா?"

"அதுக்குப் பதில் உங்ககிட்ட இல்லை. இவங்ககிட்ட இருக்கு." அண்ணி கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க சித்தி உங்களோட எப்படிச் சண்டை போடுவாங்கன்னு சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்தார். "என் பக்கத்தை... முதல்ல அவங்களே சொல்லுவாங்க."

"எப்படிச் சொல்லுவாங்க?"

"என்னைவிட நல்லா."

"பேசும்போது செஞ்சதைத்தான் எழுதும்போதும் செஞ்சிருக்காங்க. முதல் தாள் எதிராளிக்கு. அவன் சொல்லக்கூடியதைக் கொஞ்சமும் குறைக்காம அவனுக்காக எழுதுவாங்க. ரெண்டாவது தாள்தான் அவங்களோடது. வகுப்புல முடிவை மட்டும் கேட்டவருக்கு வீட்டுப் பழக்கம் தெரியலை. வீட்டுப் பழக்கம் தெரிஞ்சவங்க பெட்டியை முழுசாப் பார்க்கலை. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க. இப்போ அந்த அளவுகோலை எடுங்கம்மா."

குண்டூசியைக் கையால் குத்துகிறவர்கள் இரண்டு தடவை ஒரே இடத்தில் ஒரே சாய்வில் குத்துவதில்லை. ஏழு காரணத் தாளில் துளைக்குத் துளை பதினொன்றரை மில்லிமீட்டர். மேல் துளை ஓரத்திலிருந்து ஒன்பது. கண்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் பிசகாமல் முப்பது வருடம் அளந்த கை அது. காப்பாளர் பெட்டி பதினேழிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக நீட்ட, கண்ணாடிக்கடைக்காரர் அளந்து தள்ளிக்கொண்டே வந்தார். யாரும் கேட்காமலே சரிதைக்காரர் எழுந்து வந்து, தள்ளிய தாள்களை வாங்கி வரிசை மாறாமல் அடுக்கினார். பிரேக் வாய் திறக்கவில்லை. அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றாறாவது தாளில் அளவுகோல் நின்றது. அவர் மறுபடி அளந்தார். பின்பக்கம் திருப்பினார், இரண்டு துளைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு நேர்கோடு. அண்ணி இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கின் முன்னால் பிடித்தார். இரண்டு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

"நீங்களே படிங்க," என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் படித்தார்.

'ஏழும் சரிதான். ஒன்றைக்கூட என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் நான் எழுதத் தொடங்கியபோது மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்து போகவில்லை. என் செருப்பை மாட்டிக்கொண்டு, என் கால்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். கால் மரத்துவிட்டது. நகர்த்த மனம் வரவில்லை. ஏழு காரணங்களுக்கும் பதில் கண்டுபிடித்த பிறகுதான் இவளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அதற்குள் இவள் வளர்ந்துவிடுவாள். பிழை என்றால் என் பிழையாக இருக்கட்டும். அதை வேறு யாருக்கும் தர மாட்டேன். நாளைக்கு அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து இவளுக்குக் கொடுக்க வேண்டும். இவள் கைக்கு எட்டுவது அதுதான்.'

அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிரேக் எழுந்து போய் அவர் தோளில் கைவைத்தாள். அவளுக்கும் கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"நான் கல்யாணமாகிப் போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவழியாக. "மத்த தட்டெல்லாம் தாள் பிதுங்கி விழுது. அந்தக் கீழ்த்தட்டுல மட்டும் ஒரு தாள்கூட வைக்கலை. குனிய முடியலைன்னு நினைச்சேனே. எனக்காக வெச்சிருந்திருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து சரிதைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் இரண்டு வருட உழைப்பின் உயிரே போய்விட்டது என்றார். பிறகு பெட்டி பதினேழை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, "ஆனா இது அதைவிட நல்ல புத்தகம்," என்றார். எதிராளிக்காக இவ்வளவு நேர்மையாக வாதாடிய ஒருவரை இரட்டை முகம் என்று எழுத இருந்ததற்குத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஒவ்வொரு தாளுக்கும் ஜோடி சேர்க்க எவ்வளவு நாளாகும் என்று காப்பாளர் விரல்விட்டு எண்ணினார்.

"சனிக்கிழமை மத்தியானம் கடை லீவு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நான் வரேன். உங்க அளவு எல்லாம் சரிப்படாது."

பிறகு பேனாவை எடுத்தார். படிவத்தின் அடியில் 'உரிமையாளர் விதிக்கும் நிபந்தனைகள்' என்று ஓர் இடம் காலியாக இருந்தது. பலர் அதில் ஒன்றும் எழுதுவதில்லை என்று காப்பாளர் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்காமல் எழுதினார். 'முதல் தாளை இரண்டாம் தாள் இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது.' அதன்கீழே கையெழுத்துப் போட்டார்.

வாசலில் பெட்டிகளை ஏற்ற வந்த வண்டிக்காரர் ஒரு மணி நேரமாக ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். வேலை இல்லை என்று அவரிடம் சொல்லும் பொறுப்பை பிரேக் ஏற்றுக்கொண்டாள். அவரோ வந்ததே வீண் என்று பத்து நிமிடம் கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்க பக்கத்தை முதல்ல நான் சொல்றேன், சரியான்னு பாருங்க," என்று ஆரம்பித்தாள்.

அண்ணி காரில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் முடிக்க எப்படியும் அரை மணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.